அறுபத்திரண்டு கிலோ முந்நூறு

சென்னையில் பட்டாளம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தில் வீடு வீடாக மூளையைக் கொடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஒரு வீட்டை மட்டும் பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்களாம். அந்த வீட்டில் பிறந்தவர்கள்தான் தணிகாசலம், ஏகாம்பரம், அவர்களுடைய தங்கை மனோன்மணி. கடைசித் தம்பிக்குச் சுகந்தி மனைவியாக வந்த பிறகுதான் அந்த வீட்டுக் கடிகாரம் சரியான நேரம் காட்ட ஆரம்பித்தது.

மனோன்மணிக்கு ஐம்பது வயது. கவலைப்பட ஒன்றும் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கவலைப்படுவாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. தம்பி பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அலையில் கால் நனைத்துக் காட்ட வேண்டும். சுகந்தி மூன்று வருஷமாக மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"முதல்ல பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க அண்ணி. நான் எப்படி அனுப்புறேனோ அப்படியே திரும்பி வரட்டும். அடுத்த வாரம் பீச்சுக்கு விடுறேன்."

மனோன்மணிக்கு உடனே ஒரு கவலை பிறந்தது. எப்படி அனுப்பினாள் என்பதைச் சாயங்காலம் வரைக்கும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

தணிகாசலம் வழி சொன்னார். வீட்டின் கீழ்ப் பகுதியில் முப்பது வருஷமாகப் பழைய பேப்பர் கடை நடத்துகிறவர் அவர். எந்தப் பொருளானாலும் எடை போட்டுப் பார்த்தால்தான் அவருக்கு அது இன்னதென்று நிச்சயப்படும். நிவேதா, கபிலன், சின்னவள் சாரு, மூன்று பேரையும் எடை மிஷின் மேல் சேர்த்து நிறுத்தினார். அறுபத்திரண்டு கிலோ முந்நூறு கிராம் என்று சிவப்பாக எரிந்தது. அதைச் சாக்பீஸால் ஷட்டரில் எழுதினார்.

"மூணு பேருன்னு எண்ணி வச்சுக்கிட்டா போதாதா அண்ணே?" என்றார் ஏகாம்பரம்.

"பேப்பரை எண்ணியாடா வாங்குறேன்?" என்றார் தணிகாசலம்.

கிளம்பும்போது சுகந்தி மாடியிலிருந்து இன்னும் இரண்டு விஷயம் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தாண்ட வேண்டும். பிள்ளைகளை வெயிலில் நிற்க விடக் கூடாது.

மெயின் ரோடு வந்ததும் பெரியவர்கள் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு பத்திரமாகத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கமே நின்றிருந்தார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் கூட்டிவந்து ஒப்படைத்து, பெரியவர்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

பார்க்கில் வேப்பமரத்தடியில் நல்ல நிழல். ஆனால் அங்கே பெஞ்சு இல்லை. நடுவில், உச்சி வெயிலில் ஒரு பெஞ்சு இருந்தது. நிற்க விடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பிள்ளைகளை அதில் உட்கார வைத்தார்கள். "எனக்குத் தெரிஞ்சு இதைவிடப் பத்திரமா யாரும் பார்த்துக்க முடியாது," என்று மனோன்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஊஞ்சல் புல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்தது. புல்லில் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பெரியவர்கள் மூன்று பேரும் அதன் எதிரில் நின்று வெகுநேரம் ஆலோசித்தார்கள். பிறகு படுத்து உருண்டார்கள். பிள்ளைகள் சுற்றுப்பாதையில் நடந்து போய், இரண்டு தடவை ஆடி முடித்த பிறகுதான் பெரியப்பாக்கள் இருவரும் ஊஞ்சலடிக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தை பாதி வழியில் திசை மாறிக் குழாயடிக்குப் போய்விட்டிருந்தாள்.

சுண்டல் தின்று, மக்காச்சோளம் தின்று, சாயங்காலம் கடைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் மிஷினில் ஏறினார்கள். பக்கத்து வீட்டு ஃபிலோமினாவின் மகள் ஜெசி, சாருவின் வயசு, என்ன விளையாட்டோ என்று ஓடிவந்து தானும் ஏறிக்கொண்டாள். பெரியவர்கள் மூன்று பேரும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபத்தேழு கிலோ தொள்ளாயிரம்.

மனோன்மணி ஷட்டரையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "பதினஞ்சு கிலோவுக்கு மேல கூடிப்போச்சே அண்ணே. சுகந்திக்கு என்ன பதில் சொல்றது?"

"சுண்டல் நூறு கிராம்தானே இருக்கும்," என்றார் ஏகாம்பரம்.

தணிகாசலம் கண்ணை மூடி யோசித்தார். "காத்துடா. பார்க்ல காத்து ஜாஸ்தி. நாள் பூரா இழுத்து உள்ள வச்சிருக்காங்க."

பலூன் வாங்கிவந்து ஊதச் சொன்னார்கள். ஊதிய பலூன்களை ஏகாம்பரம் பத்திரமாக மிஷின் மேலேயே அடுக்கினார். எடை குறையவில்லை. பாக்கெட்டில் இருந்த மணலை உதறினார்கள். நகம் வெட்டினார்கள். வரிசையாகப் பாத்ரூமுக்கு அனுப்பினார்கள். கடையைச் சுற்றிப் பத்து சுற்று ஓடவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பார்க்கைவிட இதுதான் பிடித்திருந்தது. கடைசியில் எழுபத்தேழு முந்நூறில் வந்து நின்றது. அதற்கு மேல் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. மனோன்மணி கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஃபிலோமினா தன் வீட்டு வாசலிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். "வாடி, தோசை ஆறுது."

தோசை என்றதும் சாரு குதித்து ஓடிவிட்டாள். ஜெசிக்கு மிஷினை விட்டு இறங்க மனசில்லை.

எல்லாச் சாமியையும் கும்பிட்டு முடித்து, வெகுநேரம் கழித்துத்தான் மனோன்மணி கண்ணைத் திறந்தாள். அறுபத்திரண்டு கிலோ முந்நூறு. கிராம் பிசகவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் சுகந்தி மாடியிலிருந்து இறங்கிவந்தாள். மிஷின் மேல் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இது ஜெசி. சாரு எங்கே?"

ஏகாம்பரம் குனிந்து ஜெசியின் முகத்தை உற்றுப் பார்த்தார். "வெயில்ல கொஞ்சம் மாறியிருக்கும்மா. ஆனா நாங்க நிக்க விடல."

நல்லவேளையாக அதற்குள் ஃபிலோமினா சாருவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாருவின் வாயெல்லாம் சட்னி. "மூணு தோசை முடிஞ்ச அப்புறம்தான் இது நம்ம பொண்ணு இல்லைன்னு பார்த்தேன்," என்று சிரித்தாள்.

சுகந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெசியை இறக்கிவிட்டு, சாருவை வாங்கி மிஷின் மேல் நிறுத்தினாள். "இதோ பாருங்க அண்ணி. நான் அனுப்பினது இவளை."

மனோன்மணி எண்ணைப் பார்த்தாள். அறுபத்திரண்டு எழுநூற்றைம்பது. கடற்கரை கண்ணெதிரே தள்ளிப் போய்க்கொண்டே இருப்பது போலிருந்தது. அவள் சாருவை மெதுவாக இறக்கி ஃபிலோமினாவிடம் கொடுத்தாள். ஜெசியைத் தூக்கி மிஷினில் நிறுத்தி, எண் சரியாக வந்ததும் மூச்சு விட்டாள். பிறகு சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"கோவிச்சுக்காத சுகந்தி. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் இவளை வச்சுக்க. பீச்ல நல்லா ஓடவிட்டு, சாருவுக்கு எடை இறங்கினதும் மாத்திக்கலாம்."