நாற்பத்தோராவது மனு

"நான் கட்டின உலகத்துக்குள்ள என் மகள் காலெடுத்து வைக்கவே மாட்டேங்கிறா, டீச்சர்."

உட்காருவதற்கு முன்பே சிவசைலம் இதைச் சொல்லிவிட்டார்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிப் பேருந்தில் வந்திருந்தார். தோளில் ஒரு பெரிய பை. அதற்குள் அவர் எழுதிய ஆறு சிறுவர் புத்தகங்கள், ஒரு வரைபடம், அட்டையில் செய்து வண்ணம் பூசிய ஒரு கோள் உருண்டை.

மரகதவல்லி பையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவள் இருபது வருடம் ஒரு சிறுவர் பத்திரிகையில் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தவள். பத்திரிகை நின்ற பிறகு ஏலகிரிக்கு வந்துவிட்டாள். எழுத வராமல் முட்டிக்கொள்கிறவர்கள் அவளைத் தேடி மலையேறி வருவார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்ததே கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

சிவசைலத்துக்கு ஐம்பத்து மூன்று. அவளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. டீச்சர் என்று கூப்பிட உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

"ஒரு டீ கிடைக்குமா?"

"மூணு மணிக்கு முன்னாடி இந்த வீட்ல டீ கிடையாது சார்."

மணி பதினொன்று.

"ஏன் மூணு மணி?"

"விதி."

அவர் தலையாட்டிக்கொண்டார். விதி என்று சொன்னால் மதிக்கிற மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சொல்லுங்க," என்றாள்.

அவர் அட்டை உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுதான் ஞெமிலி."

அந்தப் பெயர் எந்தக் குழந்தையின் வாயிலும் நுழையவில்லை என்பது தனிக் கதை. எல்லாக் குழந்தைகளும் நெமிலி என்றே சொன்னார்கள். அது அரக்கோணம் பக்கத்து ஊர் என்று மேடைக்கு மேடை கோபித்துக்கொள்வார் மனிதர்.

"ரெண்டு சூரியன். வருஷத்துக்கு முந்நூத்திப் பதினோரு நாள். மழை கீழேயிருந்து மேல போகும். அங்க உள்ளவங்க பாதத்தால மூச்சு விடுவாங்க. அவங்க மொழிக்கு இலக்கணமே எழுதி வெச்சிருக்கேன்."

"எத்தனை விதி?"

"ஆயிரத்து எழுபத்து நாலு."

"எத்தனையை மீறியிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல." அவர் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "ஆறு புத்தகம் டீச்சர். ஒரு பிள்ளையாலகூட ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியல."

"மகள்?"

வெளிச்சம் போய்விட்டது.

"தாரிணிக்காகத்தான் ஆரம்பிச்சேன். அப்ப அவளுக்கு எட்டு வயசு. கட்டும்போதெல்லாம் பக்கத்துலயேதான் இருந்தா. கட்டி முடிச்சதும் வாசலைத் தாண்டல. ஒவ்வொரு புத்தகத்துலயும் முதல் பக்கத்துல அவ பேரு. இப்ப கோயம்புத்தூர்ல வேலை பாக்கிறா. போன மாசம் அவ அறைக்குப் போயிருந்தேன். ஆறு புத்தகமும் அலமாரியில வரிசையா இருக்கு. மேலே சுத்தின பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கல."

அவர் உருண்டையை மெல்லச் சுற்றிவிட்டார்.

"ஏழாவதுதான் கடைசிப் புத்தகம். ஒரு வரி ஓட மாட்டேங்குது. அவ வராத உலகத்தை யாருக்காக முடிக்கிறது?"

உருண்டை சுற்றி நின்றது.

"இதுல சேர்த்ததை எல்லாம் காட்டிட்டீங்க," என்றாள். "சேர்க்காததை எங்க வெச்சிருக்கீங்க?"

"புரியல."

"வேண்டாம்னு தள்ளினது."

அவர் யோசித்தார்.

"ஒரு நோட்டு இருக்கு. பரண்ல கிடக்கும். பழசு."

"அதை எடுத்துட்டு வாங்க."

"டீச்சர், அதுல ஒண்ணும் இல்ல. எல்லாம் சின்னப்புள்ளத்தனம்."

அவள் எழுந்து கதவைத் திறந்து வைத்தாள்.

பதினான்கு வளைவையும் இறங்கும்போது அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு டீகூடக் கொடுக்கவில்லை என்பதுதான் பெரிய கோபம்.

*

அடுத்த வாரம் அதே நேரத்துக்கு வந்தார். இந்தத் தடவை பை இல்லை. ஒரே ஒரு நீளமான நோட்டு. அட்டையைப் பூச்சி அரித்திருந்தது.

அட்டையின் மேல் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து. 'மனுநீதி நாள்.'

"அது ஒரு விளையாட்டு," என்று சிரித்தார் சிவசைலம். "ஞாயித்துக்கிழமை காலையில நான் மேசை போட்டு உட்காருவேன். அவ வாசல்ல நிப்பா. உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வந்து மனு குடுப்பா. ஞெமிலிக்கு என்ன வேணும்னு இடது பக்கத்துல எழுதணும். வலது பக்கத்துல நான் உத்தரவு எழுதுவேன். காரணத்தோட. கையெழுத்து, தேதி எல்லாம் போட்டு."

"அவளுக்குப் பிடிச்சுதா?"

"குதிச்சுக்கிட்டு வருவா டீச்சர்."

மரகதவல்லி நோட்டைத் திறந்தாள். இடது பக்கத்தில் கோணல்மாணலான குழந்தை எழுத்து. வலது பக்கத்தில் சிவப்பு மை.

சத்தமாகப் படித்தாள்.

"மனு ஒன்று. ஞெமிலியில் ஐஸ்கிரீம் கடை வேண்டும்."

"உத்தரவு. வெப்பநிலை அறுபத்தொரு டிகிரி. பால் கறக்கும் பிராணி எதுவும் இல்லை. நிராகரிக்கப்படுகிறது."

சிவசைலம் சிரித்தார்.

"மனு நான்கு. ஊஞ்சல் வேண்டும்."

"உத்தரவு. ஈர்ப்பு விசை குறைவு. ஒருமுறை ஆடித் திரும்பப் பதினொரு நொடி ஆகும். சலிப்புத் தட்டும். நிராகரிக்கப்படுகிறது."

"கணக்குப் போட்டுப் பாத்துதான் எழுதினேன்," என்றார்.

"மனு ஒன்பது. ஒரே ஒரு நிலா."

"உத்தரவு. இரண்டு சூரியன்களுக்கு நடுவில் நிலா நிலைக்காது. நிராகரிக்கப்படுகிறது."

அவள் படித்துக்கொண்டே போனாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. சிவசைலத்தின் சிரிப்பு இருபதாவது மனுவுக்குள் குறைந்து, முப்பதாவதில் நின்றே போனது.

"ஒண்ணையாவது ஏத்துக்கிட்டீங்களா?"

"பன்னிரண்டாவது."

அவள் பன்னிரண்டைத் தேடி எடுத்தாள். 'அங்கே யாரும் பல் விளக்க வேண்டாம்.' எதிரே, 'ஏற்கப்படுகிறது. ஞெமிலியில் யாருக்கும் பல் இல்லை.'

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்தொன்றுதான் கடைசி மனு. அதற்குப் பின்னால் நோட்டில் இன்னும் பாதிக்கு மேல் தாள்கள் இருந்தன.

அதை அவள் படிக்கவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க படிங்க சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சேமியா அங்கே போக வேண்டும்."

நிறுத்தினார்.

"சேமியா எங்க வீட்டு நாய், டீச்சர். வெள்ளையா, முடி முடியா இருக்கும். அவதான் பேரு வெச்சா. ஒரு வியாழக்கிழமை பால் வண்டியில அடிபட்டுச்சு. வீட்டுக்குப் பின்னாலயே புதைச்சோம். அந்த ஞாயித்துக்கிழமை குடுத்த மனு இது."

"உத்தரவு?"

"விதி ஒன்பதின்படி ஞெமிலியின் காற்றில் பிராணவாயு கிடையாது. நாய் நான்கு நிமிடத்துக்கு மேல் மூச்சுவிட இயலாது. நிராகரிக்கப்படுகிறது."

கீழே கையெழுத்து இருந்தது. தேதியும் இருந்தது.

"அவ வருத்தப்படக் கூடாதுன்னு உக்காத்தி வெச்சு விளக்கினேன். விதி ஒன்பதை மாத்தினா அதோட சேர்ந்த அறுபது விதி விழுந்துடும். படம் போட்டே காட்டினேன்."

"அழுதாளா?"

"இல்ல. தலையாட்டினா. அதுக்கப்புறம் அவ மனு குடுக்கவே இல்ல. வளந்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன்." கீழேயிருந்த தேதியைப் பார்த்தார். "எட்டு வயசுல."

"நோட்டு?"

"மூணு மாசம் என் மேசை மேலயே கிடந்துச்சு. மனு வரல. எதுக்குத் திறக்கணும்? பரண்ல போட்டுட்டேன்."

மரகதவல்லி கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"நானும் இருபது வருஷம் திருப்பி அனுப்பற வேலைதான் பாத்தேன் சார். எத்தனை பேர் மனசை நோகடிச்சேனோ. திருப்பி அனுப்பின கதை சில சமயம் மறுபடி வரும். அப்ப நான் கதையைப் படிக்க மாட்டேன். முதல்ல தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாப்பேன்."

"ஏன்?"

"அங்கதான் பதில் எழுதியிருப்பாங்க."

அவர் உத்தரவு எழுதிய தாளை அவள் புரட்டினாள்.

பின்பக்கத்தில் பென்சில் எழுத்து. மங்கியிருந்தது. ஆனால் அழுத்தி எழுதிய எழுத்து, தாளில் பள்ளம் விழுந்திருந்தது.

'அப்பா, சேமியா செத்துப்போச்சு. அது மூச்சு விட வேண்டாம்.'

அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றின் பக்கத்தில் 'சரி'. மற்றொன்றின் பக்கத்தில் 'சரி இல்லை'. அதற்கும் கீழே, பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரி, 'ஏதேனும் ஒன்றில் டிக் போடவும்.'

இரண்டு கட்டமும் காலியாக இருந்தன.

சிவசைலம் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கண்ணால் இன்னொரு தடவை பார்த்தார். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று மாதம் அது அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பாள்.

அவர் அழுதார். ஐம்பத்து மூன்று வயது மனிதர் அதிகம் பழக்கமில்லாத வீட்டில் உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார்.

மரகதவல்லி எழுந்து உள்ளே போனாள்.

வந்தபோது கையில் டீ இருந்தது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

"டீச்சர், இன்னும் மூணு மணி ஆகலையே."

"குடிங்க சார், ஆறிடும்."

அவர் குடித்தார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

குடித்து முடித்ததும், "ஒரு பென்சில் தர்றீங்களா?" என்று கேட்டார்.

அவள் கொடுத்தாள்.

அவர் பென்சிலை முதல் கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது.

"பதினாலு வருஷம் கழிச்சு டிக் போட்டா?"

மரகதவல்லி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"இதை யார் பாக்கப் போறா, டீச்சர்?"

அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"இங்க சிக்னல் கிடைக்காது. அந்தப் பலாமரத்துக்கிட்ட போனா கிடைக்கும்."

*

பலாமரத்தடியில் நின்று அவர் எண்ணைப் போட்டார்.

"அப்பா? என்ன இந்த நேரத்துல? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாருக்கேன்மா. வேலையா இருக்கியா?"

"ஆமாம்பா. பரவால்ல, சொல்லுங்க."

அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆறு புத்தகம் எழுதின மனிதர்.

"தாரிணி, அந்த மனு நோட்டைப் பாத்தேன். நாப்பத்தோராவது மனு. பின்பக்கத்தை இன்னிக்குத்தான் பாத்தேன்மா."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"விதி ஒன்பதை எடுத்துட்டேன்," என்றார். "அறுபது விதியும் விழட்டும். ஏழாவது புத்தகத்துல சேமியா வரும். முதல் பக்கத்துலயே வரும். நீ சொல்ற மாதிரி எழுதறேன். சரியா?"

"அப்பா."

"சொல்லும்மா."

"அதுக்கு நான் அப்பவே வேற இடம் பாத்துட்டேன்பா."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்க?"

"நானே ஒண்ணு பண்ணினேன். மனசுக்குள்ள. ஒரு நிலா இருக்கு. ஊஞ்சல் இருக்கு. ஐஸ்கிரீம் கடை இருக்கு. சேமியா அங்கதான் இருக்கு. நல்லாருக்கு."

பலாமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார் சிவசைலம். பிசின் ஒட்டியது.

"நான் ஒரு தடவை வந்து பாக்கலாமாம்மா?"

அவள் சிரித்தாள். நல்ல பிள்ளை, அப்பாவின் மனம் நோகக் கூடாது என்று மெதுவாகத்தான் சிரித்தாள்.

"உங்களால வர முடியாதுப்பா," என்றாள் தாரிணி. "அங்க உள்ள காத்து உங்களுக்கு ஒத்துக்காது."