நூறு தட்டு

"அந்தச் சகாயமேரிக்கு மட்டும் அப்படி என்னத்தச் சொல்லிக் குடுத்த?"

கேட்டவள் நம்புத்தாய். பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமலிருக்கப் பழந்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள் முத்துராக்கு.

நம்புத்தாய் விடுகிறதாக இல்லை.

"நான் உன்கிட்ட வந்து ஒரு வருசம். அவ வந்து நாலே மாசம். எனக்கு அறுபது தட்டுக்கு மேல மூச்சு நிக்கல. அவ நூறு நிக்கிறா. எனக்குத் தெரியாம அவ காதுல எதையோ ஓதியிருக்க."

நம்புத்தாய்க்கு வயது நாற்பது. முத்துராக்குவுக்கு முப்பது. ஆனால் பாசி எடுக்கப் போகிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் கடலில் முங்கினாளோ அவளே அக்கா. வயதையெல்லாம் கரை மணலில் விட்டுவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறவேண்டும்.

நம்புத்தாய் வயதை விட்டாள். வயிற்றெரிச்சலை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு ஏறினாள்.

எரியாதா பின்னே? முத்துராக்குவோடு சோடியாக முங்கியவள் மகள் ஊரோடு போய்விட்டாள். தீவுக்கு அப்பால் இருக்கிற ஆழப் பாறைக்கு இனி யாரைக் கூட்டிப்போவது? நம்புத்தாய் அந்த இடம் தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். முந்தாநாள் முத்துராக்கு இரண்டு பேரையும் முங்கவிட்டு எண்ணினாள். நம்புத்தாய் அறுபதில் மேலே வந்து இரைத்தாள். சகாயமேரி நூறில் வந்தாள். வந்தவள் சிரித்துக்கொண்டு வேறு வந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் எதையும் சொல்லிக் குடுக்கல" என்றாள் முத்துராக்கு.

"பொய் சொல்லாதக்கா."

"வள்ளத்துல ஏறு."

சகாயமேரி முன்னமே ஏறியிருந்தாள். "வாங்கக்கா" என்று கை நீட்டினாள். நம்புத்தாய் அந்தக் கையைக் கண்டுகொள்ளாமல் தானே தொற்றி ஏறினாள்.

மூச்சுப் பழகுகிற முறை எளிமையானது. ஒருத்தி கீழே முங்குவாள். இன்னொருத்தி மேலே இருந்து கல்லால் வள்ளத்தின் பக்கப்பலகையைத் தட்டுவாள். சாதாரணமாக நடக்கிற வேகத்தில், ஓர் அடிக்கு ஒரு தட்டு. தண்ணீருக்குள் அது நன்றாகக் கேட்கும். முதலில் இருபதாவது தட்டு வரை இருக்கச் சொல்வார்கள். பழகப் பழக முப்பது, நாற்பது. இந்த நாலு மாதமாக நம்புத்தாயும் சகாயமேரியும் ஒருத்திக்கு ஒருத்தி தட்டிக்கொண்டார்கள்.

கடல் இடுப்பளவிலிருந்து இரண்டாள் ஆழத்துக்கு வந்ததும் முத்துராக்கு துடுப்பை வைத்தாள்.

"சகாயமேரிக்குத் தினமும் யாரு தட்டுறது?"

"நான்தான். வேற யாரு?"

"அவளுக்குத் தட்டுற மாதிரி இப்பத் தட்டு."

நம்புத்தாய் தட்டினாள். சரியாகத்தான் தட்டினாள்.

முத்துராக்கு சகாயமேரியைப் பார்த்தாள். "இப்படியா தட்டுவா?"

"இல்லக்கா" என்றாள் சகாயமேரி, கள்ளமில்லாமல். "நம்புக்கா ரொம்ப நிதானமாத் தட்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல ஒரு தடவ ஜெபம் பண்ணிறலாம். மொத மாசம் நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு. நமக்காக அக்கா இம்புட்டுப் பொறுமையா ஒக்காந்து தட்டுதே, நாம பாதியில ஏறலாமான்னு நெனச்சிக்கிருவேன். பெறகு பழகிருச்சு."

நம்புத்தாயின் கையில் கல் அப்படியே நின்றது.

இருபது எட்டாமல் சகாயமேரி பதினைந்திலேயே பதறி ஏறவேண்டும், எல்லோர் முன்னாலும் அவமானப்படவேண்டும். இதற்காகத்தான் நம்புத்தாய் மெதுவாகத் தட்டத் தொடங்கினாள். சகாயமேரி ஏறவில்லை. மறுநாள் இன்னும் மெதுவாகத் தட்டினாள். அப்போதும் ஏறவில்லை. கீழே ஒருத்தி அடுத்த தட்டுக்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க, மேலே இவள் கரையில் காய்கிற சேலைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூடத் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

"நான் சொல்லிக் குடுக்கலன்னு சொன்னேனே" என்றாள் முத்துராக்கு. "சொல்லிக் குடுத்தது நீ."

நம்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு நா அவ கீழேயே மயங்கியிருந்தா?"

முத்துராக்குவே பதிலும் சொன்னாள்.

"நீ தட்டிக்கிட்டே இருந்திருப்ப."

சகாயமேரிக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று.

முத்துராக்கு அவளிடம் சொன்னாள்: "முங்கு. நூறு. நூறாவது தட்டுக்கு ஏறி வா. நம்புதான் தட்டுவா."

"வேண்டாம்க்கா!" நம்புத்தாய் கல்லை நீட்டினாள். "இந்தா, நீயே தட்டு. என்னால ஆகாது."

முத்துராக்கு கல்லை வாங்கவில்லை.

சகாயமேரி நம்புத்தாயை ஒரு நிமிடம் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு குதித்துவிட்டாள்.

நம்புத்தாய் பதறிப்போய் முங்குகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வள்ளத்தின் விளிம்பில் குப்புறக் கவிழ்ந்து, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, கை போன இடத்தில் பலகையைத் தட்டினாள்.

ஒன்று.

கீழே சகாயமேரி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது. நாற்பது.

ஐயோ, இத்தனை சின்னப் பெண்ணா இவள் என்று இருந்தது நம்புத்தாய்க்கு.

அறுபதைத் தாண்டியபோது சகாயமேரியின் வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. படபடவென்று தட்டி மேலே ஏற்றிவிடலாமா? கூடாது. இன்னொரு பொய்த் தட்டு அவளுக்குக் கேட்கக் கூடாது. நடக்கிற வேகத்தில், அடிக்கு ஒரு தட்டு. கண்ணை மட்டும் அவள்மேலிருந்து எடுக்கவில்லை.

எண்பது. தாயே, அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

தொண்ணூறு.

நூறு.

சகாயமேரி பாறையை விட்டாள். மேலே வந்தாள். நம்புத்தாய் முகத்தை வெளியே எடுத்து, அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்க வாங்கக் கத்தினாள்.

"வந்துட்டா! அக்கா, நூறு! நூறு இருந்தா! நல்லா இருக்கா!"

"அவள நான் எண்ணல" என்றாள் முத்துராக்கு. "நீ முகத்தத் தண்ணிக்குள்ள விட்டது எத்தனாவது தட்டுல?"

"மொதத் தட்டுலக்கா" என்று சொன்ன பிறகுதான், அந்த நூறு தட்டும் தானும் மூச்சு விடவில்லை என்பது நம்புத்தாய்க்கு உறைத்தது.