வந்தவர்க்கு ஒரு புள்ளி

"மாஸ்டர், நாலாவது இடத்துக்கு என்ன வழி?"

கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவி இசக்கியம்மாள் தன் நோட்டைப் பயிற்சியாளர் செல்வின் முன் விரித்து வைத்தாள்.

எட்டுக் கல்லூரிகள் மோதும் லீக் அது. ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டம். முதல் நான்கு இடங்களைப் பெறுவோர் மட்டுமே மாநிலப் போட்டிக்குப் போவார்கள். நோட்டில் நான்காவது பெயருக்குக் கீழே சிவப்பு மையில் தடித்த கோடு. கோட்டுக்குக் கீழே அவளுடைய கல்லூரி. அதற்கும் கீழே வெற்றுத்தாள்.

"மிச்ச மூணு பேரு எங்கே?"

"எழுதல மாஸ்டர். அவங்களுக்கு இனி வாய்ப்பு இல்ல."

"நாளைக்கு யாரோட ஆட்டம்?"

"மலைக் கல்லூரியோட."

"இதுல இல்லாதவங்களோட எப்படி ஆடுவே? எழுது. எழுதிட்டு அடியிலிருந்து படி."

எழுதினாள். படித்தாள். மலைக் கல்லூரி: ஆறு ஆட்டம், ஆறு தோல்வி, ஆறு புள்ளி.

"ஒண்ணுகூட ஜெயிக்காதவங்களுக்கு ஆறு புள்ளி எப்படி வந்துச்சு?"

"ஜெயிச்சா ரெண்டு, ஆடித் தோத்தா ஒண்ணு. வராம இருந்தாத்தான் மாஸ்டர் பூஜ்யம்."

செல்வின் தலையசைத்துவிட்டுப் பந்துகளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

இசக்கிக்கு மனம் ஆறவில்லை. வழி கேட்டவளுக்கு எழுத்து வேலை தந்து அனுப்பிவிட்டாரே. வழியை அவளே கணக்கிட்டுக் கண்டுபிடித்தாள். நாளை வென்றால், எல்லா ஆட்டங்களையும் முடித்துவிட்ட நான்காம் அணியோடு புள்ளிகள் சமமாகும். அதன்பின் ஸ்கோர் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். இருபது வித்தியாசத்தில் வென்றால் மாநிலப் போட்டி. ஒன்று குறைந்தாலும் இல்லை.

அவள் இறுதியாண்டு மாணவி. அவளுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்றில்லை.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஆட்டம். எதிரணியின் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"பதினஞ்சு நிமிஷம் பொறுங்கட்டி," என்றாள் மெர்லின். இசக்கியோடு மூன்று ஆண்டுகளாக ஆடி வருபவள். "அவங்க வராட்டா நமக்கு இருபது, அவங்களுக்குப் பூஜ்யம்னு எழுதிருவாங்க. ஒரு சொட்டு வேர்வை சிந்தாம நாலாவது இடம்."

"ஏட்டி, சும்மா இரு."

"நீ ஆடினா இருபது வருமோ வராதோ. ஆடாட்டா நிச்சயம் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கியும் சிரித்தாள்.

நான்கு பத்துக்கு நடுவரின் கைப்பேசி ஒலித்தது. பேசி முடித்து அவர் இசக்கியிடம் வந்தார்.

"பஸ்ஸு மலைப்பாதையில நின்னுட்டாம். அஞ்சு பேரு மட்டும் காய்கறி வண்டியில ஏறி வாராங்களாம். அரை மணி நேரம் ஆகும். காத்திருக்கிற அணியோட கேப்டன் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா ஆட்டம் உண்டு. இல்லாட்டா நாலே காலுக்கு முடிச்சிருவேன். உன் இஷ்டம்மா."

இசக்கி செல்வினிடம் ஓடினாள். அவர் எதிரணியின் பெஞ்சிலிருந்த தூசியைத் தம் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் என்ன செய்ய?"

"அஞ்சு பேருக்கு அஞ்சு பாட்டில் தண்ணி போதும், இல்லையா?"

"அவங்க ஜெயிச்சாலும் கடைசி இடந்தானே மாஸ்டர். பிறகு எதுக்கு வாராங்க?"

"நேத்து நீதான் சொன்னே."

நோட்டின் கடைசி வரி இசக்கியின் கண்முன் வந்தது. ஆறு தோல்வி. ஆறு புள்ளி. ஆறு முறை மலையிறங்கி வந்திருக்கிறார்கள்.

நான்கு பதின்மூன்றுக்கு அவள் கையெழுத்திட்டாள்.

"மூணு வருஷமா இதுக்குத்தானட்டி ஓடினோம்," என்றாள் மெர்லின். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். ஒருத்தியின் தலைமுடியில் முட்டைக்கோஸ் இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. மாற்று ஆள் ஒருவரும் இல்லை. ஆட்டம் தொடங்கியது. இசக்கி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுப்பது வந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. மூச்சிரைத்து முழங்காலில் கையூன்றி நின்ற மலைப் பெண்களும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பந்தை மறிக்க ஓடினார்கள்.

இறுதி விசில் ஒலித்தது. அறுபத்தொன்று, நாற்பத்தைந்து.

வித்தியாசம் பதினாறு.

மலைக் கல்லூரியின் தலைவி நடுவரின் மேசைமேல் குனிந்தாள். "எங்க புள்ளிய எழுதிட்டீங்களா சார்?"

"எழுதியாச்சும்மா."

அவள் திரும்பித் தன் தோழிகளிடம் விரலை உயர்த்திக் காட்டினாள். ஒன்று. அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டியேறப் போனார்கள்.

மைதானம் ஓய்ந்தது. மெர்லின் முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதாள். இசக்கி அவள் தோளில் ஒரு கையை வைத்தபடி, மறு கையால் நோட்டின் கடைசி வரியைத் திருத்தினாள். ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, ஏழு புள்ளி.

செல்வின் வந்து நின்றார்.

"நாம எத்தனையாவது இடம்?"

இசக்கியின் கண்கள் நிறைந்திருந்தன. கடைசி வரியில் விரலை வைத்தாள். ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டே மேலே ஏறித் தன் கல்லூரியின் பெயரில் நிறுத்தினாள்.

"நாலாவது, மாஸ்டர்."