கட்டிலுக்கு மேல் ஒரு கொக்கி

தெய்வசிகாமணி வேனை மடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். குனிந்து, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குக் கும்பிடு போட்டார்.

அம்மா என்பது மடத்தை நடத்திவரும் அங்கம்மாள். சிகாமணியைவிடப் பத்து வயதாவது சின்னவர். குளித்தலைக்குக் கிழக்கே, காவிரிக்கரை வாழைத்தோட்டங்களுக்கு நடுவே மடம். வருகிறவர்களுக்குச் சோறு போடுவார். கேட்டால் பதில் சொல்வார். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலே பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

"தமயந்தி எங்க?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டார் அம்மா.

"பஸ்ஸுல வர்றாளுங்கம்மா."

"வண்டி காலியாத்தானே வந்திருக்கு?"

சிகாமணி வேனைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் அவர் இங்கே வந்திருக்கவே மாட்டார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு என்று எழுதித்தர வேண்டும். சிலசமயம் ரத்தத்தைக் கழுவிவிடுவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுவார்கள். மடத்துக்கு அவர் முதன்முதலாக வந்ததும் அப்படி ஒரு நாளில்தான். பக்கத்துச் சாலையில் எரிந்துபோன காரைப் பார்த்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டு வந்தார். அம்மா தண்ணீர் ஊற்றினார். இலையும் போட்டார். சிகாமணியால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை அம்மா எதிரில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அம்மாதான் குரு.

ஓய்வு பெற்றதும் ஒரு வேன் வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்பது புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து வளர்த்த ஆசை. அஸ்ஸாமில் அக்கரை தெரியாத ஆறு ஒன்று ஓடுகிறதாம். அதன் கரையில் வண்டியை நிறுத்தி, ரசம் வைத்துச் சாப்பிட வேண்டும் என்பாள் தமயந்தி. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலையை ஆரம்பித்தார்கள். கட்டில் எங்கே, சமையல் மேடை எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று வரைந்துகொடுத்தவளே அவள்தான்.

போன ஐப்பசியில் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸில் திருச்சிக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். தாராளமாக ஊர் சுற்றலாம், மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்றார் டாக்டர். சிகாமணி நேரே பட்டறைக்குப் போய், வரைந்ததை எல்லாம் மாற்றச் சொன்னார்.

வேன் தயாராகி வீட்டுக்கு வந்தபோது தமயந்தி ஒரேயொரு முறை ஏறினாள். கட்டிலில் படுத்துப் பார்த்தாள். உடனே எழுந்து இறங்கிவிட்டாள். குமட்டுகிறது என்றாள். அதன்பின் எப்போது கூப்பிட்டாலும் அடுப்பில் பால் இருந்தது, இல்லாவிட்டால் முழங்கால் வலித்தது. வெள்ளிக்கிழமை கிளம்புவதாகச் சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அவள் ஏறாவிட்டால் பயணமே இல்லை.

"அம்மா, வண்டியில இன்னும் ஏதோ குறையுதுங்க. அதான் அவளுக்குத் தைரியம் வரலை. என்ன குறையுதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார்.

கதவோரம் தீயணைக்கும் சிலிண்டர்கள் இரண்டு நின்றன.

"எதுக்கு ரெண்டு?"

"திண்டுக்கல் ரோட்டுல ஒரு வேனுங்கம்மா. அதுலயும் ஒண்ணு இருந்துச்சு. அவசரத்துக்கு அது வேலை செய்யலை."

ஜன்னல் பக்கத்தில் ஒரு சுத்தியல் கட்டியிருந்தது.

"இது?"

"கண்ணாடியை உடைச்சு வெளிய வர்றதுக்குங்க. ஒரு கார்ல கதவு பூட்டிக்கிட்டு, உள்ள ஒரு குழந்தை..."

அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

ஜன்னல் கண்ணாடியில் பால் நிறத்தில் தாள் ஒட்டியிருந்தது. வெளியே வாழைத்தோட்டம் இருப்பதே தெரியவில்லை.

"வெளிய இருந்து எவனும் எட்டிப் பாத்துடக் கூடாதுங்க, அதுக்குத்தான்."

"சமையல் மேடையைக் காணோம்?"

"கேஸ் ஆபத்துங்கம்மா. எடுத்துட்டேன். அந்த இடத்துலதான் ஆக்ஸிஜன் வெச்சிருக்கேன். சாப்பாடு வழியில ஓட்டல்ல பாத்துக்கலாம்."

கட்டிலை ஒட்டிச் சுவரில் சிவப்பாக ஒரு பொத்தான். அழுத்தினால் டிரைவர் சீட்டில் பெல் அடிக்கும், தமயந்திக்கு ஒன்று என்றால் தனக்குத் தெரிய வேண்டும் என்றார் சிகாமணி. கட்டிலுக்கு நேர் மேலே, கூரையிலிருந்து ஒரு இரும்புக் கொக்கி தொங்கியது.

"டிரிப்ஸ் பாட்டில் மாட்டறதுக்குங்க. ஸ்க்ரூ போட்டாப் போதும்னு சொன்னாங்க பட்டறையில. நான்தான் விடாப்பிடியா நின்னு, கூரைக் கம்பியோட சேத்து வெல்டிங் வெச்சேன். நானே தொங்கிப் பாத்துட்டேங்கம்மா, அசையலை."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"தொங்கிப் பாத்தீங்க, சரி. கட்டில்ல படுத்துப் பாத்தீங்களா?"

"அளந்து பாத்தேனுங்க. அவ உயரத்துக்குச் சரியா இருக்கும்."

"படுத்துப் பாத்தீங்களா?"

"இல்லீங்கம்மா."

"படுங்க."

சிகாமணி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அம்மா இறங்கிக் கதவைச் சாத்தினார்.

கதவுக்கு நல்ல ரப்பர் போட்டிருந்தது. காக்கை கத்தல், மோட்டார் சத்தம், எல்லாம் சட்டென்று நின்றுபோயிற்று. கூரையில் வெள்ளை விளக்கு எரிந்தது. ஆக்ஸிஜன் குழாயின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மல்லாந்து படுத்திருப்பவருக்குப் பார்ப்பதற்கு அங்கே கொக்கியைத் தவிர வேறொன்றும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்த வாடையும் இந்த வெளிச்சமும் அவருக்குத் தெரிந்தவைதான். ஐப்பசி மழையில் ஆம்புலன்ஸ் போனபோது அவர் தமயந்தியின் காலடியில் உட்கார்ந்திருந்தார். திருச்சி வரும்வரை அவள் முகத்தைத்தான் பார்த்தார். அவள் கண் கொட்டாமல் மேலே எதைப் பார்த்தாள் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது பார்த்தார்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. அது நெஞ்சுவலியா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ வண்டிகளை வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர் அவர். உள்ளே கிடப்பது இதுதான் முதல்தடவை. அந்த வண்டிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம் என்று நினைத்தார், கால் எழவில்லை. கூப்பிடலாம் என்றால் குரலும் வரவில்லை. கை சுவரைத் தடவியது. சிவப்புப் பொத்தான் அகப்பட்டது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பெல் அலறியது.

கதவைப் படாரென்று தள்ளித் திறந்தது தமயந்தி. அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், கூடையை மண்ணில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"என்னங்க! என்னாச்சுங்க உங்களுக்கு?"

சிகாமணி எழுந்து உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேலே கையைக் காட்டினார்.

"அன்னிக்கு நீ பாத்துக்கிட்டு வந்தது இதைத்தானா?"

தமயந்தி வாசலில் நின்றபடியே கொக்கியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாங்க. பாட்டில் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அது நின்னா நானும் நின்னுருவேன்னு நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

"ஏன் புள்ள சொல்லலை?"

"எனக்காகன்னு ஓடி ஓடிச் செஞ்சீங்க. எந்த வாயால சொல்றது? இதுல ஏறிப் படுத்தா அஸ்ஸாமுக்குப் போற மாதிரியே இல்லீங்க. மறுபடியும் அங்கயே கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு."

சிகாமணி தடதடவென்று இறங்கினார். டூல்ஸ் பெட்டியைத் திறந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்தார்.

"இப்பவே அறுத்து எறிஞ்சிடறேன்."

"எடுத்துட்டா நீங்க வண்டி ஓட்டுவீங்களா?" என்றார் அம்மா.

ரம்பத்தோடு அப்படியே நின்றார். மனசில் ஏதோ ஒரு மலைப்பாதை வந்தது. ஆள் நடமாட்டம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் தமயந்தி நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். வண்டியில் ஒன்றுமே இல்லை, அவர் கையிலும் ஒன்றுமே இல்லை. அவர் ரம்பத்தைத் தாழ்த்தினார்.

"மாட்டேனுங்கம்மா. ஸ்டியரிங்கைப் பிடிக்கவே வராது."

"தமயந்தி, கொக்கி இருந்தா நீ ஏறுவியா?"

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"இருந்தா அவ ஏறமாட்டா. எடுத்தா நான் ஓட்டமாட்டேன்." சிகாமணி அம்மாவின் பக்கம் திரும்பினார். "நான் என்னதாங்கம்மா பண்றது? எனக்குப் பயமா இருக்குங்க. அவ செத்துப் போயிருவாளோன்னு எந்நேரமும் பயமா இருக்கு."

அம்மா சமையல்கட்டுக்குள் போனார். பாத்திரம் கழுவத்தான் போய்விட்டார் என்று நினைத்தார் சிகாமணி.

திரும்பி வரும்போது அம்மாவின் இடுப்பில் ஒரு பூவன் வாழைத்தார் இருந்தது. அன்று காலைதான் தோட்டத்தில் வெட்டியது. காய் நன்றாகத் திரண்டிருந்தது, இன்னும் மஞ்சள் தட்டவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வேனுக்குள் ஏறினார். வாழைநாரால் ஏனோதானோவென்று ஒரு கட்டுக் கட்டி, கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினார்.

கொக்கி அசையவில்லை. தார்தான் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. அதன் நுனி தலையணையைத் தொட்டது.

தமயந்தி லாலாப்பேட்டையில் வாழை போடுகிற வீட்டில் பிறந்தவள். அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அம்மா, தலகாணியில பால் சொட்டுதுங்க. அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது."

"அப்படியா?"

"காம்புல சுருக்குப் போட்டுக் கட்டோணும். இப்படிக் கட்டுனா ரோட்டுல ஒரு குழி ஏறி இறங்குனாப் போதும், அந்துபோயிரும்."

"எனக்குச் சரியாக் கட்ட வரலை தமயந்தி" என்றார் அம்மா. மடத்துச் சமையல்கட்டில் வருஷக்கணக்காகத் தார் கட்டித் தொங்கவிடுகிறவர் கொஞ்சமும் கூசாமல் அப்படிச் சொன்னார்.

தமயந்தி முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள். தலையணையை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். கட்டிலில் மண்டிபோட்டு நாரை அவிழ்த்தாள், காம்பைச் சுற்றிச் சுருக்குப் போட்டாள், கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். தார் இப்போது நேராகத் தொங்கியது. அதைக் கையால் நிறுத்திப் பிடித்தபோதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வாசலைப் பார்த்தாள். சிகாமணி வெளியே நின்றார். அவருக்கும் பயம்தான், அவளுக்கும் பயம்தான். ரம்பம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, பார்ப்போம் என்பதுபோல், மல்லாந்து படுத்தாள். கொக்கி காய்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் படுத்த இடத்திலிருந்து காயைத்தான் பார்க்க முடிந்தது.

"மேல் சீப்புதாங்க முதல்ல பழுக்கும்" என்றாள். "நெல்லூர் தாண்டறதுக்குள்ள பழுத்துரும்." சற்றுப் பொறுத்து, "இந்த ஜன்னல் தாளைக் கிழிச்சுப் போடுங்க. ஆறு எப்படித் தெரியும்?" என்றாள்.

சிகாமணி ரம்பத்தைப் பெட்டியில் வைத்து மூடினார். அம்மாவின் பக்கத்தில் வந்து, தமயந்திக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, வழியில நிஜமாவே டிரிப்ஸ் மாட்ட வேண்டி வந்துட்டா?"

"தாரை இறக்கிக் கீழ வெச்சுட்டு மாட்டுங்க" என்றார் அம்மா. "அதுக்கு முன்னாடி, பழுத்ததை அன்னன்னிக்கே தின்னுடுங்க."