இரண்டு மூட்டை இடம்

கேட்பதானால் உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் கேள்வி வேண்டாம். எந்த நாடு, எந்த ராஜா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கடலோரத்து உப்பை மாட்டுவண்டியில் ஏற்றி மலைநாட்டில் விற்ற காலம். அது போதும்.

மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்தே போவார்கள். முன்னே நன்னாகன். நடுவே அழிசி. பின்னே பூதன்; அழிசிக்கு மைத்துனன்.

மூன்று வண்டிக்கும் ஒரே அளவில்தான் அச்சு. உபரியாக ஓர் அச்சுமரம் கூடவே போகும். எவன் வண்டியில் முறிந்தாலும் எடுத்து மாட்டலாம். பயணத்துக்கு ஒருவன் முறை. முறைக்காரன் இரண்டு மூட்டை உப்பைக் குறைத்து, அந்த இடத்தில் அச்சைக் கிடத்திப் பாயால் மூடுவான். ஏற்றினாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்பது அவமானம்.

அழிசி கெட்டவன் இல்லை. ஓலை வீட்டுக்கு ஓடு போட்டான். ஓட்டு வீட்டில் ஊஞ்சல் போட்டான். ஊஞ்சலுக்கு வெண்கலச் சங்கிலி இல்லையே என்று தூக்கம் கெட்டான். அவன் முறை வந்தது.

"போன பயணம் முறிந்ததா? அதற்கு முந்தின பயணம் முறிந்ததா? இந்தப் பயணம் மட்டும் முறியுமா?" தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். அச்சைக் கொல்லையில் போட்டான். அந்த இடத்தில் இரண்டு மூட்டை உப்பை ஏற்றிப் பாயால் மூடினான்.

அந்தப் பயணத்தில் நன்னாகனின் மனைவி வெண்ணியும் முன்வண்டியில் இருந்தாள். நிறைமாதம். மலையடிவாரத்தில் அம்மா வீடு; பிரசவத்துக்குப் போகிறாள்.

வழியில் ஒரு கணவாய். ஒரு வண்டி போகத்தான் இடம். திருப்பவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. அங்கே வந்ததும் வானம் கறுத்தது. வெண்ணிக்கு வலி கண்டது. நன்னாகன் மாட்டை விரட்டினான். சக்கரம் பாறையில் ஏறி இறங்கியது. அச்சு முறிந்தது.

"அழிசி! அச்சை எடுத்து வா, ஓடு!"

அழிசி பாயைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அண்ணே... வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது."

நன்னாகன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "நல்லவேளை, உன் காலில் விழாமல் போச்சே" என்றான். பூதன் மட்டும் மைத்துனனை ஒருமுறை பார்த்தான்.

வெண்ணி முனகினாள். அழிசி தலையைக் குனிந்தான். வெண்ணி அழுதாள். அழிசி காதைப் பொத்தினான். வெண்ணி "அம்மா!" என்று அலறினாள். அழிசி தன் வண்டிக்கு ஓடி மூட்டைகளைக் கீழே தள்ளினான்.

"மழை வருதடா! உப்பு கரைஞ்சிடும்!" என்றான் நன்னாகன்.

"கரையட்டும் அண்ணே. என் வண்டி அச்சைக் கழட்டுறேன். மச்சான், தோள் கொடு."

கழற்றினார்கள், மாட்டினார்கள். முன்வண்டி கணவாயைத் தாண்டிப் போயிற்று. மழை கொட்டியது. அழிசியின் உப்பு பாறை வழியே ஓடியது. வாங்காத சங்கிலியும் அதோடு போயிற்று.

மிஞ்சிய இருவரும் பூதனின் வண்டிக்கடியில் ஒதுங்கினார்கள்.

"மச்சான், அச்சு விழவில்லை. நான் ஏற்றவே இல்லை."

"தெரியும். உன் பின்னாலேயே வந்தவன் நான். விழுந்திருந்தால் என் மாடு இடறியிருக்காதா?"

"அப்போதே கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் இன்னொரு பொய் சொல்லியிருப்பாய். நகர்ந்து உட்கார், முதுகு நனைகிறது."

விடிந்ததும் நன்னாகன் புது அச்சோடு வந்தான். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். அழிசி அவனிடமும் உண்மையைச் சொன்னான். நன்னாகன் புது அச்சை அவன் தோளில் வைத்தான். பிறகு, "அடுத்த பயணமும் உபரி அச்சை நீயே ஏற்று" என்றான். அழிசி ஏற்றினான்.

ஊஞ்சல் கடைசிவரை கயிற்றில்தான் தொங்கியது. வெண்ணியின் மகள் வளர்ந்து அதில்தான் ஆடினாள். சங்கிலி இல்லையென்று அவள் இறங்கிப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

இந்தக் காலத்தில் எத்தனை அழிசி என்று எண்ண எனக்கு நேரமில்லை. சொல்ல வந்தது இதுதான்: எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்தவன் ஆபத்துக்கென்று விட்டுவைத்த இடத்தில் மட்டும் உங்கள் மூட்டையை ஏற்றாதீர்கள்.