கூழைக்கடாத் தலைவரும் குளக்கரை ஓட்டையும்

நாணல்குளத்துப் பிராணிகளுக்கு எதைச் செய்வதானாலும் சிங்கராஜாவின் உத்தரவு வேண்டும். சிங்கராஜாவோ ஏழு மலைக்கு அப்பால் இருந்தார். ஆமை வெயில் காய உத்தரவு வேண்டும். தவளை கத்த உத்தரவு வேண்டும். ஒருநாள் ஓர் அணிலுக்கு முதுகு அரித்தது. சொறிந்துகொள்ளலாமா என்று முயல் மூலம் சிங்கராஜாவிடம் கேட்டு அனுப்பியது. "சொறிந்துகொள்" என்று பதில் வர நாற்பது நாள் ஆயிற்று. அதற்குள் அரிப்பே நின்றுவிட்டது. ஆனாலும் ராஜ உத்தரவாயிற்றே! அரிக்காத முதுகைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது, பாவம்.

கடைசியில் சிங்கராஜாவுக்கே வெறுத்துப்போயிற்று.

"காட்டுல எவன் முதுகு அரிச்சாலும் நான்தான் தூக்கம் கெடணுமா?" என்று கர்ஜித்தார். "இனிமே உங்க குளம், உங்க பாடு! நீங்களே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கோங்க. மாசம் ஒருதரம் சபை கூட்டுங்க. கேக்குற கேள்விக்கெல்லாம் தலைவர் பதில் சொல்லணும். வந்தவங்க ஈரமண்ணுல காலடி வைக்கணும். அம்பது காலடி இல்லைன்னா சபை செல்லாது! போங்க, போங்க, நான் தூங்கணும்!"

நாணல்குளத்தில் ஒரே கொண்டாட்டம். எல்லாரும் கூடிக் கூழைக்கடாவைத் தலைவராக்கினார்கள். ஏன் தெரியுமா? குளத்திலேயே அதற்குத்தான் வாய் பெரிது! வாய் பெரிதாக இருந்தால் வேலையும் பெரிதாக நடக்கும் என்று நினைத்துவிட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! தேர்ந்தெடுத்த கையோடு, "அப்பாடா, இனி எல்லாத்தையும் தலைவர் பாத்துக்குவார்" என்று அவரவர் பொந்துக்கும் புதருக்கும் போய்ப் படுத்துவிட்டார்கள்.

படுக்க முடியாத ஒரு ஜீவன் மட்டும் இருந்தது. அது ஒரு நீர்க்கோழி.

குளத்து நடுவே, நாணலுக்குள் அது கூடு கட்டியிருந்தது. கூட்டில் ஐந்து முட்டைகள். சுற்றிலும் தண்ணீர் இருந்தவரை ஒரு கவலையும் இல்லை. ஆனால் குளக்கரையில் ஒரு நண்டு வளை பெரிதாகிப் பெரிதாகி ஓட்டையாகிவிட்டது. மலை ஓடையிலிருந்து வருகிற தண்ணீரெல்லாம் அந்த ஓட்டை வழியே ஓடிப்போயிற்று. குளம் நாளுக்கு நாள் வற்றியது. கரைமேல் ஓர் உடும்பு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"நீர்க்கோழியம்மா! நேத்து உன் கூட்டுக்கு இருபது அடி தண்ணி. இன்னைக்குப் பதினெட்டு அடிதான்!" என்று தினமும் அளந்து சொல்லும். "அவசரமே இல்லைம்மா. நான் மெதுவாவே வர்றேன்!"

நீர்க்கோழி கரைக்கு நீந்திப் போயிற்று. அலகில் மண் எடுத்துப் போய் ஓட்டையில் வைத்தது. தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. மறுபடி வைத்தது. மறுபடி போயிற்று. ஒரு கோழி அடைக்கிற ஓட்டையா அது? நேராகத் தலைவரிடம் ஓடியது.

"தலைவரே! கரையில ஓட்டை விழுந்திருக்கு. தண்ணி வத்துனா உடும்பு நடந்தே வந்துடும். என் முட்டை அஞ்சும் போச்சு!"

"மனுவாக் கொடு!" என்றார் கூழைக்கடா.

நீர்க்கோழி ஓர் அல்லி இலையைப் பறித்து, நகத்தால் கீறிக் கீறி மனு எழுதிக் கொண்டுவந்தது. கூழைக்கடா அதை வாங்கினார். அலகுக்குக் கீழே தொங்குகிற பையில் போட்டு டபக்கென்று வாயை மூடினார்.

"என் மனு என்ன ஆச்சு?"

"பரிசீலனையில இருக்கு."

"எங்கே இருக்கு?"

"இதோ, இங்கேதான்!" என்று பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

"பரிசீலனை எதுக்குங்க? எல்லாரும் ஆளுக்கு ஒருவாய் மண்ணு போட்டா அடைஞ்சிடுமே!"

"மேலே எழுதிக் கேட்டிருக்கேன். உத்தரவு வரட்டும்."

"மேலேயா? அதிகாரந்தான் நம்ம குளத்துக்கே வந்தாச்சே!"

கூழைக்கடாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதிகாரம் எனக்கு வந்தாச்சு. பொறுப்பு இன்னும் மேலேயேதான் இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே! அப்படி ஏதாவது கேக்கணும்னா சபையில வந்து கேளு!"

சபை வந்தது. எங்கே தெரியுமா? மருதமரத்து உச்சிக் கிளையில்!

தவளை தாவிப் பார்த்தது. முழங்கால் உயரத்துக்கு மேல் போக முடியவில்லை. முயல் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மயங்கி விழுந்தது. நீர்க்கோழி படபடவென்று அடித்துக்கொண்டு பாதி மரம் வரை பறந்து, தொப்பென்று விழுந்தது. ஆமை மட்டும் விடாமல் ஏறியது. அது ஒரு சாண் ஏறுவதற்குள் மேலே சபையே முடிந்துவிட்டது. "முடிஞ்சிடுச்சா?" என்று அண்ணாந்து பார்த்ததில் பிடி நழுவி மல்லாக்க விழுந்து, இரண்டு நாள் கால்களை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

உச்சியில் இருந்தவர்கள் இரண்டே பேர். தலைவர் ஒருவர், தலைவரின் மச்சான் ஒருவர். "குளம் நன்றாக இருக்கிறது, தலைவர் அதைவிட நன்றாக இருக்கிறார்" என்று தீர்மானம் போட்டார்கள். மச்சான் கைதட்டினார். அப்புறம் கீழே இறங்கி, ஈரமண்ணில் இங்கும் அங்கும் குதித்து ஐம்பது காலடி வைத்தார்கள். ஐம்பதும் விரலுக்கு விரல் சவ்வு ஒட்டிய கூழைக்கடாக் கால்! அதில் முயல் காலும் இல்லை, தவளைக் காலும் இல்லை.

மூன்றாம் நாள் நீர்க்கோழி வந்து அந்தத் தடங்களைப் பார்த்தது. அப்போது குளத்துப் பக்கம் சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தது. வற்றிப்போன தண்ணீரில் மீன்களெல்லாம் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. தலைவரும் மச்சானும் நின்ற இடத்தில் நின்றபடியே அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"முன்னெல்லாம் ஒரு மீனுக்கு ஒரு மணி நேரம் அலையணும், மச்சான்!" என்றார் கூழைக்கடா. "இப்போ பாருங்க, உக்காந்த இடத்துல விருந்து! ஓட்டை வாழ்க!"

நீர்க்கோழிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அட பாவி! என் முட்டை போனாலும் பரவாயில்லை, உனக்கு மீன் கிடைச்சா போதுமா?" என்று வாய்விட்டு அழுதது. அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது.

முதலில் தவளை வீட்டுக்குப் போயிற்று.

"தவளையண்ணே! எழுந்திருங்க!"

"எதுக்கும்மா? தலைவர் பாத்துக்குவார்" என்று தவளை கொட்டாவி விட்டது.

"அவரு நல்லாத்தான் பாத்துக்கிறார், அவரு வயித்தை! தண்ணி மொத்தமும் போனப்புறம் எதுல குதிப்பீங்க? உங்க குஞ்செல்லாம் எதுல நீந்தும்?"

தவளைக்குத் தூக்கம் போய்விட்டது. கீழே குனிந்து பார்த்தது. நேற்றுவரை இடுப்பளவு தண்ணீர் இருந்த அதன் வீட்டில் இன்று வெறும் சேறுதான் இருந்தது. "ஐயையோ!" என்று அலறியது.

இப்படியே முயல் வீடு, ஆமை வீடு, எலி வீடு என்று ஒன்று விடாமல் போயிற்று. ஆமை மட்டும் திட்டித் தீர்த்தது. "ஏம்மா, நான் மல்லாக்கக் கிடந்த ரெண்டு நாளும் ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. இப்போ உன் முட்டைக்கு மட்டும் நான் வரணுமாக்கும்?"

நீர்க்கோழி தலை குனிந்தது. "தப்புதான் தாத்தா. நாமெல்லாருமே அவரவர் பொந்தோட இருந்துட்டோம். அதனாலதான் அவரு மரத்துமேல ஏறி உக்காந்துட்டாரு."

ஆமை கொஞ்ச நேரம் யோசித்தது. ஆமை யோசனை, கேட்க வேண்டுமா! கடைசியில், "சபை எங்கே?" என்று கேட்டது.

"ஓட்டை இருக்கிற இடத்துலதான்!"

மறுநாள் காலை எல்லாரும் ஓட்டைக்குப் பக்கத்தில் கூடினார்கள். ஈரமண்ணில் முயல் தடம், எலித் தடம், தவளைத் தடம், வண்டிச் சக்கரம் உருண்டது மாதிரி ஆமைத் தடம் என்று ஐம்பதுக்கு மேலேயே விழுந்தது. செய்தி கேட்டுக் கூழைக்கடா பதறிக்கொண்டு பறந்து வந்தார்.

"இது செல்லாது! சபை மரத்துமேலதான் நடக்கணும்!"

"அம்பது காலடி வேணும்னுதான் சட்டம். மரம் வேணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கேட்டது முயல்.

"நான் சிங்கராஜாவுக்குத்தான் பதில் சொல்வேன்! உங்களுக்கு இல்லை!"

"தாராளமாப் போய்ச் சொல்லுங்க! ஏழு மலை தாண்டிப் போய் அவரை எழுப்புங்க. அவரு தூக்கத்துல எழுந்தா யாரைக் கடிப்பாருன்னு தெரியும்ல?" என்றது முயல்.

கூழைக்கடாவுக்கு முகமெல்லாம் அசடு வழிந்தது.

"தலைவரே, வாயைத் திறங்க!" என்றது நீர்க்கோழி.

"எதுக்கு?"

"எங்க மனு எல்லாம் பரிசீலனையில இருக்குன்னு சொன்னீங்களே, பாக்கணும்!"

எல்லாரும் ஒரே குரலில், "திறங்க! திறங்க!" என்று கத்தினார்கள். தவளைகள் விடாமல் கத்தின. அந்தச் சத்தம் தாங்காமல் கூழைக்கடா வாயைத் திறந்தார். அம்மாடி! மனு மனுவாகக் கொட்டியது. அழுகின அல்லி இலை, எலியின் மனு, முயலின் மனு, ஆமை என்றைக்கோ கொடுத்த மனு, கூடவே உயிரோடு மூன்று கெண்டை மீனும் துள்ளி விழுந்தன.

"நாங்களும் பரிசீலனையிலதான் இருந்தோம்!" என்று சொல்லிவிட்டு மீன்கள் தண்ணீரைப் பார்த்துத் துள்ளிப் போயின.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் 'பொளக்' என்று ஒரு சத்தம். கரை இன்னும் கொஞ்சம் பெயர்ந்து ஓட்டை வாயைப் பிளந்துவிட்டது! மிச்சமிருந்த தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அந்தப் பக்கம் உடும்பு எழுந்து சோம்பல் முறித்தது.

"அளக்கிற வேலை முடிஞ்சுது. நான் கிளம்புறேன், நீர்க்கோழியம்மா!" என்று சேற்றில் இறங்கிக் கூட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

"ஐயோ, என் முட்டை!" என்று நீர்க்கோழி துடித்தது. "மண்ணு கொண்டாங்க! சீக்கிரம்!"

"போட்ட மண்ணு நிக்காதே! முதல்ல பெருசா ஏதாவது வச்சு அடைக்கணும்!" என்றது எலி.

அங்கே பெரிசாக என்ன இருந்தது? எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று.

"என்னை ஏன் எல்லாரும் அப்படிப் பாக்கிறீங்க?" என்றார் கூழைக்கடா.

"உக்காருங்க தலைவரே!"

"எங்கே?"

"ஓட்டையிலதான்!"

ஐம்பது பேர் நெருக்கிக்கொண்டு வந்தால் யார்தான் உட்கார மாட்டார்கள்? கூழைக்கடா பின்பக்கத்தை ஓட்டையில் வைத்துப் 'பொத்'தென்று உட்கார்ந்தார். தண்ணீர் சட்டென்று நின்றது! உள்ளே குடியிருந்த நண்டுக்குத்தான் திடீரென்று வாசல் இருட்டிவிட்டது. யாரடா அது என்று ஒரு கிள்ளு கிள்ளியது.

"ஆ! ஐயோ! மண்ணு! மண்ணு கொண்டாங்க! ஓடுங்க!" என்று கூழைக்கடா அலறினார். பதவிக்கு வந்த நாளிலிருந்து குளத்து வேலைக்காக அவர் அவசரப்பட்டது அன்றைக்குத்தான்.

எல்லாரும் மண் சுமந்தார்கள். மச்சானும் பை நிறையச் சேறு அள்ளி வந்து கொட்டினார். ஓட்டையை அடைக்க அடைக்க, ஓடைத் தண்ணீர் குளத்தில் தேங்க ஆரம்பித்தது. உடும்பு கூட்டுக்கு எட்டடி தூரத்தில் இருந்தபோது காலடியில் தண்ணீர் ஊறியது. நாலடி தூரத்தில் சேறு இளகி வயிறு வரை உள்ளே இழுத்தது. "இது சரிப்படாது" என்று முனகிக்கொண்டு தட்டுத் தடுமாறிக் கரையேறி ஓடிவிட்டது. நீர்க்கோழி தண்ணீரில் விழுந்து நீந்திப் போய் முட்டைகளை எண்ணியது. ஐந்தும் இருந்தன. அவற்றின்மேல் படுத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதது.

மண் இறுகியதும் கூழைக்கடாவை வெளியே இழுத்துப்போட்டு, மிச்ச ஓட்டையையும் அடைத்தார்கள். அன்று மாலை எல்லாரும் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்தும் இறக்கிவிட்டு நீர்க்கோழியைத் தலைவியாக்கினார்கள். "அப்பாடா, இனி தலைவி பாத்துக்குவா!" என்று எல்லாரும் வீட்டைப் பார்த்துக் கிளம்பினார்கள்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்று நீர்க்கோழி வழியை மறித்தது. "மாசாமாசம் வந்து என்னையும் கேள்வி கேக்கணும்! வர்றேன்னு சொன்னாத்தான் நான் தலைவி!"

சொன்னது சுலபம். அடுத்த மாதச் சபையில் ஆமை எழுந்து, "தலைவியம்மா, கரையை மேடாக்கிப்புட்டீங்க. என்னால ஏறவே முடியலை. போன வாரமே சொன்னேன், ஏன் சரிபண்ணலை?" என்று கேட்டது.

ஐந்து குஞ்சுகளோடு பெருமையாக உட்கார்ந்திருந்த நீர்க்கோழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஊரையே காப்பாத்தினவ நான்! என்னையே கேள்வி கேக்கிறீங்களா?"

"ஆமாம், உன்னைத்தான்!" என்றார்கள் எல்லாரும்.

நீர்க்கோழியின் கண் மருதமரத்து உச்சிக் கிளைக்குப் போயிற்று. உடனே இறங்கிப் போய், ஆமை ஏறுவதற்கு மண்ணைச் சரிக்க ஆரம்பித்தது.

அதிகாரம் நம் ஊருக்கே வந்துவிட்டால் மட்டும் போதாது. அதை யார் கையில் கொடுத்தாலும், நல்லவர் கையில் கொடுத்தாலும், நேரில் போய் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அது நமக்காக வேலை செய்யும்.