மஞ்சள் பாதங்கள்

"மூணு தடவை அளந்தேன். மூணும் மூணு மாதிரி வருது."

மாசிலாமணி டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் சொருகினார். முப்பது வருஷமாக எலும்பு அறுக்கிறவர். எக்ஸ்ரே அறைக்கு அவராக இறங்கி வந்தது அன்றைக்குத்தான்.

படம் எடுக்கிற பாத்திமுத்து நிமிரவில்லை. ஈய அங்கியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு சார் வந்துது?"

"எண்பத்தொண்ணு. எண்பத்திரெண்டு. அப்புறம் எண்பத்தொண்ணரை."

"யாரு அளந்தா?"

"நான்தான். பின்ன, படிக்க வந்த பயலுவள நம்பச் சொல்லுதியா?"

வேலை ஒன்றும் பெரிதில்லை. இடுப்புப் பந்தின் நடுவிலிருந்து முழங்கால் நடுவுக்கு ஒரு கோடு. தொடை எலும்பின் அடியில் இருக்கிற இரண்டு குமிழ்களையும் தொட்டுக் குறுக்கே இன்னொரு கோடு. வெளிப்பக்கம் விழுகிற கோணம் எண்பத்தைந்துக்கும் தொண்ணூறுக்கும் நடுவே இருந்தால் எலும்பு நேர். குறைந்தால் முழங்கால் உள்ளே சாய்கிறது. குறைந்த அளவுக்கு வெட்டி நிமிர்த்த வேண்டும்.

மறுநாள் காலை ஏழரைக்கு, முத்திசக்கி என்கிற பதினாறு வயசுப் பெண்ணின் இரண்டு தொடை எலும்பையும் வெட்டுவதாக இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் அரை டிகிரி, ஒரு டிகிரி மாறுது. உன் படத்துல மட்டும் அளவு மாறுறதே இல்லைன்னு சொல்லுதாங்க. எப்படி அளக்கணும், நீயே சொல்லு."

"இது நான் எடுத்த படம் இல்ல சார். நான் லீவு."

"எவன் எடுத்தா என்ன. விதிப்படி எடுத்திருக்கு."

விதி காலடியில் இருந்தது. நோயாளி நிற்கிற மேடையில் மஞ்சள் பெயின்டில் இரண்டு பாதங்கள், தண்டவாளம் மாதிரி நேராக. ஏழு வருஷத்துக்கு முன்னால் மாசிலாமணி சொல்லி வரைந்தவை. ஆளுக்கொரு மாதிரி நிறுத்தாதே, எல்லாரையும் இதில் நிறுத்து என்று உத்தரவு.

பாத்திமுத்து மேடையைக் காட்டினாள்.

"ஏறுங்க சார்."

"நானா?"

"ஷூவைக் கழட்டிட்டு. பேன்ட்டையும் முழங்காலுக்கு மேல சுருட்டிக்கிடுங்க."

சுருட்டினார். நல்லவேளை, கதவு சாத்தியிருந்தது.

"பாதத்தை அந்தப் பாதத்து மேல வைங்க."

அவருக்கு நடக்கும்போதே பாதம் வெளியே விரியும். திருப்பித் திருப்பி மஞ்சளுக்குள் அடக்கினார்.

"முழங்கால் இழுக்குது."

"இழுக்கட்டும். விதி."

முறைத்தார். அவள் அசையவில்லை.

"குனிஞ்சு பாருங்க சார். முழங்கால் சில்லு எங்க பார்க்குது?"

குனிந்தார். இரண்டு சில்லும் ரகசியம் பேசுகிற மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.



சுருட்டிய பேன்ட்டோடு இறங்கி விளக்குப் பெட்டிக்குப் போனார். சில்லின் நிழல் எலும்பின் நடுவில் விழ வேண்டும். முத்திசக்கியின் படத்தில் அது உள்பக்க ஓரத்தில் கிடந்தது. மூன்று தடவை அளந்தபோதும் அங்கேதான் கிடந்தது.

"அந்தப் பிள்ளையக் கூப்பிடு."

பெண் வந்தாள். பின்னாலேயே அம்மாக்காரி.

"நாளைக்குன்னுல்லா சொன்னீங்க?"

"படம் மட்டுந்தாம்மா."

பாத்திமுத்து மஞ்சள் பாதங்களின் மேல் ஒரு பாயை விரித்தாள்.

"சில்லைப் பிடிங்க சார்."

மாசிலாமணி தரையில் மண்டியிட்டார். இரண்டு சில்லும் நேரே முன்னால் பார்க்கும்வரை பெண்ணின் கால்களைத் திருப்பினார். பாதங்கள் அகல விரிந்தன.

"வாத்து மாதிரி இருக்கு டாக்டர்," என்றாள் முத்திசக்கி.

"இருக்கட்டும். அசையாத."

படம் வந்தது. கோடு போட்டார். எண்பத்தேழு.

திரும்ப அளந்தார். எண்பத்தாறரை.

மூன்றாம் தடவை அளக்கவில்லை.

"எலும்பு சாயல. முறுக்கியிருக்கு," என்றார்.

"அப்ப நாளைக்கு?" அம்மாக்காரியின் கை மகளின் தோளில் இருந்தது.

"நாளைக்கு வெட்டு இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. முறுக்குக்கு என்ன செய்யணும்னு பார்த்துச் சொல்லுதேன்."

அவர்கள் போனார்கள். மாசிலாமணி பேன்ட்டை இறக்கிவிட்டார்.

"நீ எப்பவும் பாய் போட்டுத்தான் எடுப்பியா?"

"ஆமா சார்."

"ஏழு வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். 'விதிப்படி எடுக்கவும்'னு திரும்பி வந்தது. உங்க கையெழுத்து."

அவர் காலால் பாயை ஒதுக்கினார்.

"மண்ணெண்ணெய் இருக்கா? இந்தப் பெயின்டை அழிக்கணும்."

பாத்திமுத்து உள்ளே போய் வந்தாள். கையில் மண்ணெண்ணெய் இல்லை. ஏழு வருஷமாக அந்தப் பாதங்களில் நிறுத்தி எடுத்த படங்களை அடுக்கி வைத்திருக்கிற அறையின் சாவி இருந்தது.

"அழிக்கிறதை நான் பார்த்துக்கிடுதேன் சார்," என்று அதை நீட்டினாள்.